மரக்கட்டை வீட்டின் மேற்பலகையை உரிக்கலாமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கிராமப்புறச் சாலைகளில் வெள்ளைச் சாயம் பூசிய பழைய பலகை வீடுகள் நிறைய உண்டு. அவற்றுள் சிலவற்றின் சன்னலருகே நின்று பார்த்தால் சுவரின் கனம் ஒரு சாணுக்கும் மேலிருப்பது தெரியவரும். மெல்லிய மரச்சட்டங்களின் மேல் பலகை அடித்து எழுப்பிய வீட்டுக்கு அத்தனை கனம் வராது. வெளிப்பலகைக்கும் உட்புறப் பூச்சுக்கும் நடுவே, கோடரியால் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்திய முழு மரக்கட்டைகள் இருக்கின்றன என்பதற்கு அந்தக் கனமே முதல் அடையாளம். இருநூறு ஆண்டுகளைக் கடந்த இத்தகைய வீடுகளில் பல, தம்மேல் போர்த்தப்பட்ட பலகையினால்தான் இன்றும் நின்றுகொண்டிருக்கின்றன. அந்தப் பலகையை உரித்து உள்ளிருக்கும் மரத்தை உலகுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை, கடந்த நூறு ஆண்டுகளில் கரையானுக்கு நிகரான சேதத்தை அவற்றுக்கு விளைவித்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நான் வசிக்கும் ஊரின் வரலாற்றுக் கழகத்திடம் அப்படி ஒரு வீடு இருக்கிறது. கீழே இரண்டு அறைகள், மேலே தூங்குவதற்கான பரண், ஒரு பக்கச் சுவரில் கல்லால் கட்டிய பெரிய புகைபோக்கி, பின்னாளில் சேர்த்த சமையற்கட்டு என்று அதன் அமைப்பு எளியது. சில ஆண்டுகளாக வார இறுதிகளில் தன்னார்வத் தொண்டராக அதன் பழுதுபார்ப்பில் பங்கெடுத்து வருகிறேன். வேலை தொடங்கும் முன்பே எங்கள் குழுவில் பெரும் விவாதம் எழுந்தது. மேற்பலகையை அகற்றிவிட்டால்தான் பார்க்க வருபவர்களுக்கு இது மரக்கட்டை வீடு என்று தெரியும், நன்கொடையும் எளிதில் கிடைக்கும் என்று பலர் வாதிட்டனர். அவர்களுடைய அக்கறையில் எனக்கு ஐயமே இல்லை. எனினும் அந்த விவாதத்தின் பொருட்டு நான் படித்தவையும், எங்களுக்கு வழிகாட்டிய தச்சர் சுவரிலேயே காட்டிக் கற்பித்தவையும் என்னை எதிர்ப்பக்கத்தில் நிறுத்தின.

இந்தக் கட்டுமான முறை அமெரிக்க மண்ணில் பிறந்ததன்று. 1638ஆம் ஆண்டு டெலவேர் ஆற்றங்கரையில் ஸ்வீடன் அமைத்த குடியேற்றத்தில் ஸ்வீடியர்களும் ஃபின்லாந்துக் காட்டுக் குடியானவர்களும் வந்திறங்கியபோது, தம் நாட்டில் செய்ததைப் போலவே மரக்கட்டைகளை மூலையில் கோத்து வீடு கட்டினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த ஜெர்மானியர்களும், அயர்லாந்தின் வடக்கிலுள்ள அல்ஸ்டர் பகுதியிலிருந்து வந்த ஸ்காட்டிய ஐரிஷ் மக்களும் இந்த வகை வீடுகளை அப்பலேச்சிய மலைத்தொடர் நெடுகிலும் மேற்கேயும் பரப்பினார்கள். 1798ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டரசு வீடுகளின்மேல் நேரடி வரி விதித்தபோது, அதிகாரிகள் வீடுவீடாகச் சென்று நீள அகலங்களையும், சுவர் எதனால் ஆனது என்பதையும், சன்னல் எத்தனை என்பதையும் குறித்துக்கொண்டார்கள். கிழக்குப் பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் குடும்பங்கள் இதை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தன. சன்னல்களை எண்ண வந்தவர்கள்மேல் பெண்கள் வெந்நீரை ஊற்றியதாக ஊர்க்கதைகள் சொல்கின்றன. தப்பிப் பிழைத்த அந்த வரிப்பட்டியல்கள் இன்று எங்களைப் போன்றவர்களுக்குப் பெரும் புதையல். மாநிலத்தின் உட்பகுதி ஊர்கள் பலவற்றில் கல் வீடுகளையும் செங்கல் வீடுகளையும் விட மரக்கட்டை வீடுகளே மிகுந்திருந்தன என்பதை அவை காட்டுகின்றன.

குடில் வேறு, வீடு வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நிலத்துக்கு வந்தவுடன் முதற்சில குளிர்காலங்களைக் கழிப்பதற்காகப் பட்டையைக்கூட உரிக்காத உருண்டைக் கட்டைகளால் அவசரமாக எழுப்பியது குடில். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை என்றோ மண்ணோடு மண்ணாகிவிட்டன. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அதன்பின் வசதி வந்தபோது நிதானமாகக் கட்டிய வீடுகள். அதற்குரிய மரத்தை வெட்டிச் சாய்த்து, அதன்மேல் சாயம் தோய்த்த நூலை இழுத்து அடித்துக் கோடு போடுவார்கள். அந்தக் கோடு வரையில் இடைவெளி விட்டுவிட்டுக் கோடரியால் வெட்டுப் போட்டு, இடைப்பட்ட மரத்தைச் சில்லுகளாகப் பெயர்த்தெடுப்பார்கள். பிறகு அகன்ற அலகும் ஒருபக்கம் மட்டுமே தீட்டிய முனையும் கொண்ட கோடரியால் அந்த முகத்தைச் சமதளமாகச் செதுக்குவார்கள். இரு பக்கம் தட்டையாகவும் மேலும் கீழும் உருண்டையாகவும் இருக்கும் இத்தகைய கட்டைகளை அடுக்கும்போது, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே சந்து விழுவது இயல்பு.

அந்தச் சந்தை அடைப்பதற்குப் பிளந்த மரத்துண்டுகளையோ தட்டைக் கற்களையோ சாய்வாகச் செருகி, அவற்றின்மேல் வைக்கோலோ விலங்கு மயிரோ கலந்த களிமண்ணை அப்பி, இறுதியாகச் சுண்ணாம்பு பூசினார்கள். இந்த அடைப்பை இங்கே 'சிங்கிங்' என்கிறார்கள். மூலைகளில் ஒரு சுவரின் கட்டையும் மறு சுவரின் கட்டையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பொருத்துகளில்தான் தச்சரின் திறமை முழுவதும் தெரியும். புறாவின் வாலைப் போல விரிந்த புறாவால் பொருத்தும், கூரை முகடு போன்ற தலைகீழ் 'வி' பொருத்தும் சாய்ந்த முகங்களை உடையவை. ஆதலால் மழைநீர் உள்ளே தங்காமல் வெளியே வழிந்துவிடும். சதுரப் பொருத்தில் முகம் கிடைமட்டமாக இருப்பதால் நீர் அப்படியே தங்கிவிடும். மழையில் நனையும்படி விட்டுவைக்கப் போகும் சுவருக்குச் சதுரப் பொருத்து ஏற்றதன்று. எங்கள் வீட்டின் நான்கு மூலைகளிலும் இருப்பதோ அதுதான்.

எங்கள் தச்சர் விவாதத்தில் வாயைத் திறக்காமல், பின்சுவரில் ஏற்கெனவே இற்றுப்போயிருந்த இரண்டு பலகைகளை மட்டும் கழற்றிக் காட்டினார். அடியிலிருந்த கட்டைகளில் கோடரித் தடங்கள், இன்று செதுக்கி முடித்தாற்போல, விளிம்பு மழுங்காமல் இருந்தன. வெயிலிலும் மழையிலும் கிடந்த மரத்தின் மேற்பரப்பு சாம்பல் நிறமாகி, மென்மையான பகுதிகள் அரித்துப்போய், ரேகைகள் புடைத்து நிற்கும். இந்தக் கட்டைகளில் அந்த அறிகுறி எதுவும் இல்லை. அதாவது, வீடு கட்டிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, ஒருவேளை அதே பருவத்திலேயே, மேற்பலகை அடிக்கப்பட்டிருக்க வேண்டும். பலகையைப் பிடித்திருந்த ஆணிகளும் அதையே சொல்லின. கொல்லர் அடித்துச் செய்த ஆணிக்கு நான்கு பக்கமும் கூம்பிய உடலும் சுத்தியல் முகம் பதிந்த தலையும் இருக்கும். இரும்புத் தகட்டிலிருந்து எந்திரத்தால் வெட்டிய ஆணி 1790களுக்குப் பிறகு பரவியது. அது இரண்டு பக்கம் மட்டுமே கூம்பும். இன்று நாம் பயன்படுத்தும் உருண்டைக் கம்பி ஆணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் மலிவானது. எங்கள் பின்சுவரில் இவை மூன்றும் கிடைத்தன. அடியில் கொல்லரின் ஆணி, பின்னர் பழுதுபார்த்த இடங்களில் வெட்டு ஆணி, கடைசித் திருத்தத்தில் கம்பி ஆணி என்று, அந்தப் பலகைச் சுவரின் நீண்ட பராமரிப்பு வரலாறே அதில் எழுதப்பட்டிருந்தது. உரித்து எறிந்திருந்தால் இந்தச் சான்று முழுவதும் குப்பை வண்டியில் போயிருக்கும்.

பலகை அடிப்பது அக்காலத்தில் விதிவிலக்கன்று. குளிர்காற்றைத் தடுக்கவும், சந்துகளில் பூசிய மண் கரையாமல் காக்கவும், ஊரார் பார்வையில் வீடு முழுமை பெற்றதாகத் தெரியவும் வசதி வந்தவுடன் அதைச் செய்தார்கள். சிலர் பலகைக்குப் பதிலாகச் சுண்ணாம்புக் காரை பூசினார்கள், சிலர் வெள்ளையடித்தார்கள். ஃபின்லாந்தின் பழைய ரௌமா நகரில், 1991ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்த மர நகரத்தில், தெருவில் நின்று பார்ப்பவர்களுக்குச் சாயம் பூசிய பலகை முகப்புகளே தெரிகின்றன. உள்ளே நிற்பவை மரக்கட்டைச் சுவர்கள். அங்கே யாரும் பலகையைக் கழற்றி உள்மரத்தைக் காட்டுங்கள் என்று கேட்பதில்லை.

அப்படியானால் அமெரிக்காவில் வெறும் மரக்கட்டையின்மேல் இத்தனை மோகம் எப்படி வந்தது? 1840ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனின் கட்சியினர் அவரை மரக்குடிலில் வாழும் எளிய மனிதராகக் காட்டிப் பரப்புரை செய்தார்கள். வர்ஜீனியாவின் பெரும் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அந்தப் பரப்புரை வென்றது. அதிலிருந்து குடில் என்பது நேர்மைக்கும் உழைப்புக்கும் அடையாளமாக நாட்டின் மனத்தில் பதிந்துபோயிற்று. ஆபிரகாம் லிங்கன் கென்டக்கியில் 1809ஆம் ஆண்டு உண்மையிலேயே அப்படியொரு குடிலில் பிறந்தவர். அவருக்குப் பின் அந்த அடையாளம் அசைக்க முடியாததாயிற்று.

லிங்கன் பிறந்த இடத்தில் இன்று காட்டப்படும் குடிலின் கதையை இந்தத் துறையில் ஈடுபடும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 1894ஆம் ஆண்டு நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு வணிகர் அந்தப் பண்ணையை வாங்கி, அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு பழைய வீட்டின் கட்டைகளைக் கொண்டு அங்கே குடில் ஒன்றை எழுப்பினார். அந்தக் கட்டைகள் லிங்கன் பிறந்த குடிலிலிருந்து வந்தவை என்று சொல்லப்பட்டது. பின்னர் அது பிரிக்கப்பட்டு, 1897இல் நாஷ்வில் நகரக் கண்காட்சியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. கூடவே, உள்நாட்டுப் போரில் எதிர்த்தரப்புக்குத் தலைமை தாங்கிய ஜெஃபர்சன் டேவிஸ் பிறந்ததாகச் சொல்லப்பட்ட குடிலும் இருந்தது. ஊர் ஊராகச் சுமந்து சென்றதில் இரண்டின் கட்டைகளும் ஒன்றோடொன்று கலந்துபோயின. 1909இல் தியோடர் ரூஸ்வெல்ட் அடிக்கல் நாட்டி, கட்டடக் கலைஞர் ஜான் ரஸ்ஸல் போப் கிரேக்கக் கோயிலைப் போல வடிவமைத்த நினைவு மண்டபத்துக்குள் குடிலை வைத்தபோது, அது உள்ளே அடங்குவதற்காகக் கட்டைகளின் நீளத்தையும் குறைத்தார்கள். மண்டபத்துக்கு ஏறிச் செல்லும் படிகள் லிங்கன் வாழ்ந்த ஆண்டுகளின் எண்ணிக்கைப்படி 56. இறுதியில் 2004ஆம் ஆண்டு மர வளைய ஆய்வு நடந்தது. ஆண்டுதோறும் மரம் இடும் வளையங்களின் அகல ஒழுங்கை, அந்த வட்டாரத்து மரங்களின் அறிந்த ஒழுங்கோடு ஒப்பிட்டு வெட்டிய காலத்தைக் கணிக்கும் முறை அது. அந்தக் கட்டைகள் 1840களில் வெட்டிய மரங்களைச் சேர்ந்தவை என்று முடிவு வந்தது. லிங்கன் அப்போது முப்பது வயதைக் கடந்திருந்தார். தேசியப் பூங்காத் துறை அதை இன்று 'குறியீட்டுக் குடில்' என்று வெளிப்படையாகவே அழைக்கிறது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் வெறும் மரத்தோற்றத்தின்மேல் கொண்ட பக்தி, மரம் எங்கிருந்து வந்தது, எந்தச் சுவரில் எந்த இடத்தில் இருந்தது என்ற கேள்வியையே எவ்வளவு காலம் மறக்கடித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

உரித்தபின் என்ன நடக்கிறது என்பது அறிவியல். மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் வரை அதனால் வளர இயலாது. 28 முதல் 30 விழுக்காட்டைத் தாண்டி, மரத்தின் நார்ச்சுவர்கள் நிறைந்தபின் அது செழிக்கும். கட்டை உலரும்போது, வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால்தான் ஒவ்வொரு கட்டையிலும் நடுவரை செல்லும் நீண்ட வெடிப்பு விழுகிறது. வெடிப்பின் வாய் மேல்நோக்கி இருந்தால் ஒவ்வொரு மழையிலும் நீர் அதன்வழியே கட்டையின் நடுவுக்கே போய்ச் சேரும். பலகை போர்த்திய வீட்டில் இந்த வெடிப்புகள் எந்தத் தீங்கும் செய்வதில்லை. பலகை போர்த்தப் போகிறோம் என்று தெரிந்து கட்டியவர்கள், வைரம் பாயாத வெளிறுப் பகுதியைக்கூட முழுவதும் செதுக்கி நீக்கவில்லை. சந்து அடைப்பையும் வெளிப்பக்கம் கரடுமுரடாகவே விட்டார்கள். சன்னல் சட்டங்களைப் பலகையின் கனத்துக்கு ஏற்ப வெளியே தள்ளி அமைத்தார்கள். பலகையைக் கழற்றியதும் அந்தச் சட்டத்தின் மேல்விளிம்பு நீர் தங்கும் தட்டாகிவிடுகிறது.

கரடுமுரடான அடைப்பைப் பார்த்து மனம் பொறுக்காமல், அதைப் பெயர்த்தெடுத்துப் போர்ட்லண்ட் சிமென்டைப் பூசுவது அடுத்த கட்டம். நான் பார்த்த உரித்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நேர்ந்தது இதுதான். சிமென்ட் இறுகியபின் அசையாது. மரமோ பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும். முதல் ஓராண்டிலேயே இரண்டுக்கும் நடுவே மயிரிழைப் பிளவு விழுகிறது. அதன்வழியே நுழைந்த நீர், ஈரத்தை வெளியே விடாத சிமென்டுக்குப் பின்னால் சிறைப்படுகிறது. களிமண்ணும் சுண்ணாம்பும் மரத்தோடு ஒத்து அசையும், ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், விரிசல் கண்டால் மறுபடி ஒரு கை பூசிவிடலாம். பழையவர்கள் ஆண்டுதோறும் செய்த அந்தச் சிறு வேலையைத் தவிர்க்கப் போட்ட சிமென்ட், கட்டையையே மாற்ற வேண்டிய பெருவேலையைக் கொண்டுவந்துவிடுகிறது.

இது அமெரிக்காவில் மட்டும் நடந்ததன்று. ரஷ்யாவின் ஒனேகா ஏரியிலுள்ள கிஷி தீவில், 1714ஆம் ஆண்டு கட்டிய உருமாற்றத் தேவாலயம், பைன் கட்டைகளால் எழுப்பி 22 குவிமாடங்கள் தாங்கிய, 37 மீட்டர் உயர்ந்த கட்டடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் சுவர்களுக்குப் பலகை போர்த்தினார்கள். 1950களில் கட்டடக் கலைஞர் அலெக்சாண்டர் ஒபலோவ்னிகவ், பழைய தோற்றத்தை மீட்பதற்காக அந்தப் பலகையை நீக்கினார். அவர் ரஷ்ய மரக் கட்டடக் கலையை ஆழ்ந்து கற்ற அறிஞர். அவருடைய நோக்கம் உயர்ந்தது. ஆயினும் அந்த நீக்கத்துக்குப்பின் கட்டைகள் நலிவது விரைந்தது என்று வல்லுநர்கள் பலர் கருதுகிறார்கள். 1980களில் உள்ளே எஃகுச் சட்டம் நிறுத்திக் கட்டடத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் உள்ளே யாரும் போக முடியவில்லை. பின்னர் மேற்பகுதியை ஜாக்கிகளால் தூக்கிப் பிடித்து, கீழ் அடுக்கிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் அடுக்காகக் கழற்றித் தரையில் வைத்துப் பழுதுபார்த்து மறுபடி பொருத்தும் மாபெரும் பணி 2020இல்தான் முடிந்தது. அந்தத் தச்சர்களின் சாதனையை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

எந்த மரக்கட்டைச் சுவரும் வெளியே தெரியக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நார்வேயின் டெலெமார்க் பகுதியில் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த மரக்கட்டைக் களஞ்சியங்கள் பலகை எதுவுமின்றி இன்றும் நிற்கின்றன. அவை வைரம் பாய்ந்த முதிர்ந்த பைனால் ஆனவை. தரையில் படாமல் கால்களின்மேல் உயர்த்தியவை; அகன்ற கூரை விளிம்பு மழையைச் சுவரிலிருந்து தள்ளியே விழச் செய்கிறது. வெளியே தெரிவதற்கென்றே கட்டியவற்றை அப்படியே காக்க வேண்டும். எந்த வீடு எந்த வகை என்பதைக் கோடரித் தடமும் ஆணியும் மூலைப் பொருத்தும் சொல்லிவிடும். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 1991இல் மரக்கட்டைக் கட்டடங்களுக்கென வெளியிட்ட வழிகாட்டிக் கையேடும் மேற்பலகையை அகற்றுவதற்கு எதிராகவே எச்சரிக்கிறது. பழங்கட்டடங்களைக் காப்பதற்கான பன்னாட்டு நெறியாகிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் பதினொன்றாம் பிரிவில், ஒரு கட்டடத்துக்கு எல்லாக் காலங்களும் அளித்த தகுதியான பங்களிப்புகளை மதிக்க வேண்டும், ஒரே பாணியை எட்டுவது சீரமைப்பின் நோக்கம் ஆகாது என்று தெளிவாக வகுத்திருக்கிறது. எங்கள் குழுவின் வாக்கெடுப்புக்கு முன் நான் வாசித்துக் காட்டியது அந்தப் பிரிவைத்தான். பலகை இருக்கட்டும் என்று முடிவாயிற்று. வருபவர்கள் காண்பதற்காக, மழைபடாத முன்திண்ணைச் சுவரில் ஒரு சிறு பகுதியை மட்டும் திறந்து வைத்திருக்கிறோம்.

பலகையைக் காப்பது என்று முடிவு செய்தபின் உண்மையான வேலை தரையில் தொடங்கியது. இத்தகைய வீடுகளில் முதலில் இற்றுப்போவது அடிக்கட்டை, அதாவது கல் கடைக்காலின் மேல் நேரடியாகக் கிடக்கும் கட்டை. இருநூறு ஆண்டுகளில் சருகும் மண்ணும் சேர்ந்து வீட்டைச் சுற்றிய தரை உயர்ந்துவிடுகிறது. கூரையிலிருந்து விழும் நீர் அந்தத் தரையில் பட்டுத் தெறித்து அடிக்கட்டையை நனைக்கிறது. எனவே கட்டையைத் தொடும் முன் மண்ணை வெட்டி எடுத்து, சுவரிலிருந்து விலகிச் சாயும்படி தரையை இறக்கினோம். மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சாண் கல்லாவது தெரிய வேண்டும் என்பது தச்சரின் கட்டளை. பிறகு ஒவ்வொரு கட்டையையும் சுத்தியலால் தட்டிக் கேட்டோம். திடமான மரம் கணீரென்று ஒலிக்கும்; உள்ளே இற்றது பொத்தென்று ஒலிக்கும். ஐயமான இடங்களில் குத்தூசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்து, வீட்டின் வரைபடத்தில் குறித்தோம்.

வடக்கு அடிக்கட்டையின் நடுப்பகுதியில் ஊசி பிடிவரை இறங்கியது. இரு முனைகளும் திடமாக இருந்தன. முழுக் கட்டையையும் மாற்றுவது எளிது, ஆனால் மூலைப் பொருத்துகளில் இருப்பது முதல் தச்சரின் கைவேலை. அதனால் இற்ற பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, சரிவாக ஒன்றையொன்று கவ்வும் பொருத்து வெட்டிப் புதுத் துண்டைச் சேர்க்கத் தீர்மானித்தோம். அதற்குச் சுவரைத் தூக்க வேண்டும். உள்ளும் புறமும் செங்குத்தான கனத்த சட்டங்களை நிறுத்தி, சந்து அடைப்பின் ஊடாகவே இரும்புத் தண்டுகளைச் செலுத்தி முடுக்கினார்கள். ஒரு கட்டையிலும் துளையிடவில்லை. பிறகு ஜாக்கிகளைச் சிறிது சிறிதாக ஏற்றி, எடை சட்டங்களுக்கு மாறும் அளவுக்கு மட்டும், சுவரை உயர்த்தினார்கள். பேராசைப்பட்டு ஒரே நாளில் நேராக்க முயன்றால் உட்பூச்சு முழுவதும் உதிர்ந்துவிடும்.

புதுத் துண்டுக்கு மரம் தேடியதுதான் எங்களுக்கு மிகுந்த வருத்தம் தந்த பகுதி. பழைய அடிக்கட்டை அமெரிக்கச் செஸ்நட் மரம். எளிதில் பிளக்கும், நேரான ரேகை கொண்ட, வைரத்தில் உளுப்பு எளிதில் ஏறாத அந்த மரம் ஒரு காலத்தில் அப்பலேச்சியக் காடுகளின் அரசனாக இருந்தது. 1904ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் முதலில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய், ஆசியாவிலிருந்து வந்த மரங்களோடு நுழைந்து, ஐம்பது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 300 முதல் 400 கோடி செஸ்நட் மரங்களை அழித்துவிட்டது. இன்றும் காட்டில் பழைய வேர்களிலிருந்து துளிர்கள் முளைக்கின்றன. கட்டைக்கு ஆகும் பருமன் வருமுன் பெரும்பாலும் நோய் அவற்றைக் கொன்றுவிடுகிறது. சந்தையில் கிடைக்கும் பழைய செஸ்நட் வேறு வீடுகளையும் களஞ்சியங்களையும் பிரித்து எடுத்தது. ஒரு பழைய வீட்டைக் காப்பதற்காக இன்னொரு பழைய வீட்டைப் பிரிக்கும் வணிகத்துக்குத் துணைபோக எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. பழைய கட்டைகளை வாங்கிப் புதுப் பணக்கார வீடுகளுக்கு அழகு சேர்க்கும் தொழில் இங்கே செழித்து நடக்கிறது. கட்டைகளுக்கு எண்ணிட்டு, பிரித்து, வேறோர் இடத்தில் மீண்டும் கோத்துவிட்டால் வீடு காக்கப்பட்டுவிட்டது என்கிறார்கள். புகைபோக்கியும், மண் அடைப்பும், சுண்ணாம்புப் பூச்சும், தரைக்கடியில் புதைந்த தொல்பொருளும் அந்தப் பயணத்தில் தொலைந்துபோவதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

எனவே வெள்ளை ஓக்கைத் தேர்ந்தோம். அதன் வைரப்பகுதியில் நீர்க்குழாய்கள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் நீர் எளிதில் ஊடுருவாது. தோற்றத்தில் நெருங்கிய சிவப்பு ஓக்குக்கு அந்தக் குணம் இல்லை, அதை இங்கே போட்டால் சில ஆண்டுகளில் இற்றுவிடும். எப்பாக்சிப் பிசினை ஊற்றி இற்ற மரத்தைக் கெட்டிப்படுத்தலாம் என்றும் ஒருவர் சொன்னார். சித்திரவேலை கொண்ட ஒரு கதவுச்சட்டத்துக்கோ, இன்றியமையாத ஒரு பொருத்தின் முனைக்கோ அது பொருந்தும். மண்ணருகே ஈரம் ஏறி இறங்கும் கட்டையில் பிசினுக்கும் மரத்துக்கும் நடுவே நீர் தங்கி, சுற்றியிருக்கும் நல்ல மரத்தையும் கெடுத்துவிடும் என்று தச்சர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. பொருத்தின் இரு முகங்களிலும் போரேட் உப்புக் கரைசலை மட்டும் தடவினோம். பூஞ்சைக்கும் மரவண்டுக்கும் அது நஞ்சு. மழையில் கரைந்துபோகும் குணமுடையதாதலால் பலகைக்கு உள்ளே உலர்ந்து நிற்கும் மரத்துக்கே அது நெடுநாள் உதவும்.

புதுத் துண்டின் உட்புறத்தில், யாராவது தேடினால் மட்டும் கண்ணில் படும்படி, ஆண்டைச் சூட்டுக்கோலால் பொறித்தோம். மர மரபுக் கட்டடங்களுக்கான பன்னாட்டு நெறிகள், 2017இல் தில்லியில் புதுப்பிக்கப்பட்டவையும் சேர்த்து, புதிய உறுப்புகளை உறுத்தாத வகையில் அடையாளமிடச் சொல்கின்றன. கோடரியால் செதுக்கியதால் தச்சரின் துண்டு பழையதைப் போலவே தோன்றும். அடுத்த நூற்றாண்டில் வருபவர் ஏமாறாமல் இருக்க அந்த எண் வேண்டும்.

இப்போது மிஞ்சியிருப்பது சமையற்கட்டின் மேற்குச் சுவர். அங்கே யாரோ பல பத்தாண்டுகளுக்கு முன் பலகையைக் கழற்றி, சந்துகளைச் சிமென்டால் அடைத்து, அதைப் பிடித்துக்கொள்ளக் கட்டைகளில் நூற்றுக்கணக்கான ஆணிகளையும் அறைந்திருக்கிறார்கள். கீழிரண்டு வரிசைகளில் சிமென்ட் ஏற்கெனவே விட்டுப்போயிருப்பதால் அதை உளியால் மெல்லப் பெயர்த்து, களிமண்ணும் சுண்ணாம்பும் வைத்துப் பூசிவிடலாம். மேல் வரிசைகளில் அது கட்டையை இறுகப் பற்றியிருக்கிறது. வலிந்து பெயர்த்தால் மரத்தின் முகமே சேர்ந்து வரும். அந்த வரிசைகளை இப்போதைக்குத் தொடாமல், ஈரமானியால் பருவந்தோறும் அளந்து வர முடிவு செய்திருக்கிறோம். மேலே புதிய பலகை போர்த்துவதற்குத் தேவையான வெள்ளைப் பைன் ஊருக்கருகே ஓர் அறுவை மில்லில் உலர்ந்துகொண்டிருக்கிறது. மரம் காய்ந்ததும், இலையுதிர் காலத்து மழைக்கு முன், அந்தச் சுவருக்குப் பலகை ஏறும்.